நார்மன் நின்ற இடம் தேடி: நாச்செஸ், மூன்றாம் பயணம்

போன சனிக்கிழமை மூன்றாம் முறையாக அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்திலுள்ள நாச்செஸ் ஊருக்குப் போய்வந்தேன். பேட்டன் ரூஜிலிருந்து 61ஆம் நெடுஞ்சாலையில் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். இருட்டோடு கிளம்பினால்தான் காலை வெயில் விழும்போது அங்கே நிற்க முடியும். பழைய படம் எந்த இடத்திலிருந்து எடுக்கப்பட்டதோ, அதே இடத்தில் கேமராவை வைத்து இன்றைய ஊரை எடுப்பதுதான் என் வேலை. பன்னிரண்டு படங்களோடு தொடங்கினேன். ஏழு முடிந்துவிட்டன. ஒன்றைக் கைவிட்டேன்.

படங்கள் ஹென்றி நார்மனுடையவை. 1870இல் நாச்செஸுக்கு வந்தவர், 1913இல் இறக்கும்வரை அந்த ஊரையே படமெடுத்தார். அவருக்குப் பின் மகன் ஏர்ல் 1951 வரை ஸ்டூடியோவை நடத்தினார். மிசிசிப்பி ஆற்றங்கரை மேட்டிலிருக்கும் ஒரு சிறு ஊரின் தேவாலயங்கள், கடைகள், வீடுகள், நீராவிக் கப்பல்கள், கைக்குழந்தைகள், கிழவர்கள் என்று இரண்டு தலைமுறை எடுத்த படங்கள். 1960களில் தாமஸ் காண்டி என்ற உள்ளூர் மருத்துவர் அந்தப் படங்கள் பதிந்த கண்ணாடித் தகடுகளை வாங்கி, மனைவி ஜோனோடு சேர்ந்து துடைத்து அச்சிட்டுக் காப்பாற்றினார். இன்று அவை லூசியானா மாநிலப் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. நாச்செஸின் முதல் பிரஸ்பிட்டேரியன் தேவாலயத்தை ஒட்டிய கூடத்திலும் நூற்றுக்கணக்கான அச்சுகள் மாட்டியிருக்கிறார்கள். என் முதல் பயணம் முழுக்க அங்கேயே கழிந்தது. கேமரா பையைத் திறக்கவே மனம் வரவில்லை.

இரண்டாம் பயணத்தில் செயின்ட் மேரி பசிலிக்காவிடம் தோற்றேன். 1842இல் கட்டத் தொடங்கிய செங்கல் தேவாலயம், ஊசியாய் உயரும் கோபுரம். கோபுர உச்சி வேண்டுமென்று கேமராவை அண்ணாத்தி எடுத்தால், சுவர்கள் பின்னால் சாய்ந்து விழுவதுபோல வருகின்றன. பழைய படங்களில் ஒரு சுவர்கூடச் சாயவில்லை. அந்தக் காலப் பெரிய கேமராக்களில், பெட்டியை மட்டமாகவே வைத்துக்கொண்டு லென்ஸை மட்டும் மேலே ஏற்றலாம். என் கேமராவில் அந்த வசதி இல்லை. இந்த முறை அகலமான லென்ஸைப் போட்டு, கேமராவை நீர்மட்டம் பார்த்து வைத்து எடுத்தேன். கீழே வந்த வெறும் தார்ச்சாலையைப் பிறகு வெட்டிவிட்டேன். கோபுரம் நிமிர்ந்து நின்றது.

நின்ற இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. பழைய அச்சில் முன்னாலிருக்கும் ஒரு கட்டடத்தின் மூலையையும், அதற்குப் பின்னால் தூரத்தில் தெரியும் ஒரு விளிம்பையும் எடுத்துக்கொள்வேன். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம், அந்த முன் கட்டடத்தின் அகலத்தில் எத்தனையில் ஒரு பங்கு என்று ஸ்கேலால் அளப்பேன். கேமராத் திரையில் அதே விகிதம் வரும்வரை பக்கவாட்டில் நகர வேண்டும். நான் வலப்பக்கம் போனால், அருகிலிருப்பது தூரத்திலிருப்பதைத் தாண்டி இடப்பக்கம் ஓடும். முன்னே பின்னே நகர்வதற்கு இன்னொரு ஜோடிப் புள்ளிகள். லென்ஸை மாற்றினால் படம் பெரிதாகும், சிறிதாகும். விகிதம் மட்டும் மாறாது. இது புரியாமல் இரண்டாம் பயணத்தில் நான் தப்பான இடத்தில் நின்றுகொண்டு ஜூமைத் திருகிக்கொண்டிருந்தேன். இப்போது ஒரு படத்துக்கு இருபது நிமிடம் போதும்.

இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். அந்தக் காலத் தகடுகள் நீல ஒளியையே அதிகம் உணரும், சிவப்பு அவற்றில் பதியவே பதியாது. அதனால்தான் பழைய படங்களில் வானம் வெள்ளைத் தாளாகவும் செங்கல் கருஞ்சுவராகவும் இருக்கின்றன. என் வண்ணப் படத்திலிருந்து நீல அடுக்கை மட்டும் பிரித்துக் கறுப்பு வெள்ளையாக்கினேன். இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்தபோது ஒரே கை எடுத்ததுபோல இருந்தன. அன்றிரவு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாளிகைகள் சுலபம். ஸ்டான்டன் ஹால் 1857இல் கட்டி முடித்தது, இன்றும் தூண்களோடு அப்படியே நிற்கிறது. எட்டுப்பட்டை வீடான லாங்வுட்டை 1860இல் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு உள்நாட்டுப் போர் மூண்டதும், பிலடெல்பியாவிலிருந்து வந்த தொழிலாளர்கள் வேலையைப் போட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். கீழ்த்தளம் மட்டுமே முடிந்தது, மேல் தளங்கள் இன்றும் வெறும் செங்கல்லும் மரச்சட்டமும்தான். பழைய படத்துக்கும் என் படத்துக்கும் மரங்களைத் தவிர வேறு வித்தியாசம் சொல்ல முடியவில்லை. 1932 முதல் இந்த வீடுகளைத் திறந்துவிட்டுப் பயணிகளை வரவழைக்கும் ஊர் இது, பத்திரமாக வைத்திருக்கிறார்கள். ஆனால் பருத்தி பயிரிட்டு இந்த வீடுகளுக்குப் பணம் சேர்த்துத் தந்த அடிமைகளை விற்ற ஃபோர்க்ஸ் ஆஃப் தி ரோட் சந்தையில், எதிரே நின்று எடுக்க ஒரு பழைய சுவர்கூட இல்லை. தென்மாநிலங்களின் மிகப் பெரிய அடிமைச் சந்தைகளில் ஒன்று அது. அங்கே ட்ரைபாடை விரிக்காமலே அரைமணி நேரம் நின்றேன்.

கைவிட்ட படம் மேட்டின் அடியிலுள்ள படகுத்துறை. அங்கே பல தெருக்கள் இருந்தன. ஆறு அரித்தது போக இப்போது மிஞ்சியிருப்பது சில்வர் தெரு ஒன்றுதான். என் கணக்குப்படி நார்மன் கேமரா வைத்த இடம் இன்று தண்ணீருக்குள் இருக்கிறது.

மீதி நான்கும் கடைத்தெருப் படங்கள். பெயர்ப்பலகையும் கடைமுகப்பும் மாறிவிட்டதால், மாடி ஜன்னல் வளைவுகளையும் கூரையோர வேலைப்பாட்டையும் பார்த்துத்தான் கட்டடத்தை அடையாளம் காண வேண்டும். பழைய தீக்காப்பீட்டு வரைபடங்கள் கைகொடுக்கின்றன. செங்கல் கட்டடத்துக்கு இளஞ்சிவப்பு, மரக் கட்டடத்துக்கு மஞ்சள் என்று ஒவ்வொரு கடையையும் வரைந்திருக்கிறார்கள். ஜனவரியில் போனால் இலை உதிர்ந்திருக்கும். ஆனால் ஒரு படத்தை மறைத்து நிற்பது மக்னோலியா, அது எந்த மாதமும் உதிராது.

திரும்பும் முன் சீயோன் சேப்பலுக்குப் போனேன். 1858இல் பிரஸ்பிட்டேரியன்களுக்காகக் கட்டியது. போர் முடிந்த மறு ஆண்டே கறுப்பின மக்களின் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் சபை அதை வாங்கியது. அதன் போதகராக இருந்த ஹைரம் ரெவல்ஸ், 1870இல் அமெரிக்க செனட்டின் முதல் கறுப்பின உறுப்பினரானார். இதே ஊரில், அடிமையாகப் பிறந்த ஜான் ராய் லிஞ்ச் போருக்குப் பின் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்த்துவிட்டு, 1873இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போனார். அந்தத் தேவாலயத்தின் பழைய படம் என் பன்னிரண்டில் இல்லை. இருந்தாலும் எடுத்தேன். ட்ரைபாட் உயரம் 5 அடி, லென்ஸ் 24 மில்லிமீட்டர், நடைபாதை விளிம்பிலிருந்து 3 அடி உள்ளே, காலை 9.40. எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு கிளம்பினேன்.