அலமாரியில் ஆடிய டம்ளர்

டப்ஸ்டெப் என்ற எலக்ட்ரானிக் நடன இசையைச் சொன்னாலே பலருக்கும் மிக்ஸியில் ஆணியைப் போட்டு அரைத்த மாதிரி ஒரு சத்தம்தான் ஞாபகத்துக்கு வரும். 2010 வாக்கில் ஸ்க்ரில்லெக்ஸ் என்ற அமெரிக்க டிஜே வகையறாவால் உலகம் முழுக்கப் பரவியது அதுதான், குறை சொல்லவில்லை, ஆட்டம் போட நன்றாகவே இருக்கும். ஆனால் அதற்குப் பத்து வருடம் முன்னால் தெற்கு லண்டனில், க்ராய்டன் பக்கம் பிறந்த சங்கதி வேறு.

அந்தப் பழைய பாட்டுகளை நான் முதலில் கேட்டது லேப்டாப்பில். ஒன்றுமே இல்லை. எப்போதோ ஒரு அடி, கொஞ்சம் எதிரொலி, அப்புறம் வெறும் அமைதி, பாதிப் பாட்டைக் காணோமே என்றுதான் தோன்றியது. நிஜமாகவே காணாமல்தான் போயிருந்தது. சரக்கெல்லாம் 40, 50 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு நாற்பது ஐம்பது அதிர்வு மட்டுமே உள்ள அடித்தொனியில் இருக்கிறது, அவ்வளவு கீழே அந்தக் குட்டி ஸ்பீக்கர் வாயே திறக்காது.

பிறகு நண்பன் வீட்டில் அடித்தொனிக்கென்றே இருக்கும் பெரிய சப்வூஃபர் ஸ்பீக்கரில் அதே பாட்டைப் போட்டோம். என் காதை விட அலமாரியில் இருந்த எவர்சில்வர் டம்ளருக்குத்தான் முதலில் கேட்டது, கிணுகிணுவென்று நகர்ந்து விளிம்புக்கே வந்துவிட்டது. மூலையில் நின்றால் பேஸ், அந்த அடித்தொனி, நெஞ்சை அமுக்குகிறது, இரண்டு எட்டு வைத்து அறை நடுவில் வந்தால் ஆளையே காணோம். 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் எட்டரை மீட்டர், அந்த அறையே அவ்வளவு நீளம் கிடையாது, சுவரில் முட்டித் திரும்பும் அலை ஒரு இடத்தில் சத்தத்தை ஏற்றிவிடுகிறது, இன்னொரு இடத்தில் விழுங்கிவிடுகிறது.

வேகம் நிமிடத்துக்கு 140 அடி. ஆனால் பல பாட்டுகளில் ஸ்னேர் ட்ரம்மின் சுளீர் அடி ஒவ்வொரு நாலு அடியிலும் மூன்றாவதில் மட்டும்தான் விழும், அதனால் உடம்புக்கு அது 70 மாதிரிதான் தெரியும். ஒரு ஸ்னேருக்கும் அடுத்ததற்கும் நடுவே கிட்டத்தட்ட 1.7 விநாடி. நான் காலி என்று நினைத்த அந்த இடம் பேஸ் நடமாடுவதற்காக விட்டது. என்னைக் கேட்டால் டப்ஸ்டெப் என்பதே அந்த இடைவெளிதான், வவ்வவ் சத்தமெல்லாம் அப்புறம்.

பேஸுக்கு இப்படி இடம் விடும் பழக்கம் ஜமைக்காவிலிருந்து வந்தது. கிங்ஸ்டன் தெருக்களில் ஆளுயர ஸ்பீக்கர்களை அடுக்கிப் பாட்டுப் போட்டவர்கள், பாடகரின் குரலைக் கழற்றிவிட்டு ட்ரம்ஸையும் பேஸையும் மட்டும் ஓடவிட்ட கிங் டப்பி, லண்டனில் ஜா ஷாகா அதே மாதிரி ஸ்பீக்கர் அடுக்கி நடத்திய சவுண்ட் சிஸ்டம் என்று ஒரு வம்சமே இருக்கிறது. மாலா, கோகி, லோஃபா என்ற டப்ஸ்டெப் கலைஞர்கள் மூவரும் 2005இல் தெற்கு லண்டன் பிரிக்ஸ்டனில் டிஎம்இசட் என்ற நடன இரவுகளை ஆரம்பித்தபோது அழைப்பிதழிலேயே பேஸின் கனத்தைத் தியானிக்க வாருங்கள் என்றுதான் கூப்பிட்டார்கள். நடந்த இடம் ஒரு தேவாலயக் கட்டடம், பொருத்தம்தான்! புதுப் பாட்டை டப்பிளேட்டாக, அதாவது ஒரே ஒரு பிரதி மட்டும் உள்ள இசைத்தட்டாக, வெட்டிக்கொண்டு வந்து அந்த ஸ்பீக்கரில் போடுவார்கள், பேஸ் கொழகொழவென்று இருந்தால் அங்கேயே குட்டு உடைந்துவிடும்.

நண்பன் வீட்டில் மூன்றாவது பாட்டு ஓடும்போது அழைப்பு மணி அடித்தது. கீழ் வீட்டு மாமா. திட்டப்போகிறார் என்று நினைத்தோம், அவரோ குழம்பிப் போய் நின்றார்: "தம்பி, பாட்டுன்னு ஒண்ணும் காதுல விழலை, கட்டில் மட்டும் ஏன்பா ஆடுது?"