அஸ்கா டப்பா மேல் அடுக்குல

செப்டம்பர் 3, 2025, புதன்

8.4.

செப்டம்பர் 4, வியாழன்

நேத்து அந்த நம்பருக்கு மேல எழுத ஓடல. இது ரத்தச் சர்க்கரையோட மூணு மாசச் சராசரின்னு டாக்டர் சொன்னார். ரத்தத்துல சிவப்பணு சுமார் 120 நாள் உசுரோட இருக்குமாம், அது மேல ஒட்டியிருக்கிற சர்க்கரையைத்தான் அளக்கறாங்களாம். அப்படின்னா மே மாசத்து மாம்பழம், வைகாசி முகூர்த்தத்துல தின்ன ரெண்டாவது ஜாங்கிரி, ஆடிட் நடந்தப்ப நான் கணக்கு எழுதற சொசைட்டில ஓசில வந்த டீ, ஒண்ணு விடாம கணக்குல ஏறியிருக்கு. இருவது வருசமா பேரேடு எழுதறவளுக்கு இதைப் புரிய வெக்க வேண்டியதில்ல.

மாத்திரை காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. தினம் 45 நிமிசம் நடக்கணும். டிசம்பர் முதல் வாரம் மறுபடி ரத்தம்.

அஸ்கா டப்பாவை, அதான் வெள்ளைச் சக்கரை டப்பாவை, ஸ்டூல் போட்டாத்தான் எட்டற மேல் அடுக்குக்கு ஏத்தியாச்சு. அத்தை பார்த்துட்டே இருந்துட்டு, "என்ற டீக்கு யாரு ஏறி எடுக்கறதாமா?"ன்னாங்க.

செப்டம்பர் 6, சனி

ஈரோடு போய் ஷூ. வெள்ளை நிறம், 1,899 ரூபாய். மாமா, என்ற வீட்டுக்காரர், அவரும் ஒரு ஜோடி எடுப்பார்னு பார்த்தேன். பில் போட்டாச்சான்னு கேட்டார்.

செப்டம்பர் 9, செவ்வாய்

அஞ்சே காலுக்குக் கிளம்பினேன். பால்காரர் வண்டியை நிறுத்தி, "ஏனுங்க்கா, ஆருக்காச்சும் ஒடம்பு செரியில்லீங்களா?"ன்னார். விடியாம ஒரு பொம்பளை தனியா வேகமா நடந்தா நம்மூர்ல அது எழவுக்குத்தான் இருக்கணும். பெருந்துறை ரோட்டுல லாரி. சந்துக்குள்ள போனா நாய். போன் பார்த்தா பதினொரு நிமிசம்தான் ஆயிருக்கு. பதினொண்ணு! மாசக் கடைசில ஐந்தொகை போடறப்பக்கூட நேரம் இப்படி நகராம நின்னதில்ல.

ஒரு குரூப்ல தினம் காலைல யாராச்சும் சூரியன் படத்தோட "இன்றே தொடங்குங்கள்"னு அனுப்பறாங்க. தொடங்கறதுல எனக்கு எந்தச் சிரமமும் இல்ல. நாலு வருசத்துல ஆறு தடவை தொடங்கியிருக்கேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஷூ கட்டிலுக்கு அடியில.

செப்டம்பர் 17, புதன்

புரட்டாசி பொறந்தாச்சு, இன்னும் ஒரு மாசத்துக்குக் கறி இல்ல. அதுல எனக்குக் கவலையும் இல்ல.

கவலை நாட்டுச்சக்கரைதான். அஸ்காதான் விசம், கவுந்தப்பாடிச் சக்கரை ஒண்ணும் செய்யாதுங்கறது அத்தை கட்சி. "பழனி பஞ்சாமிர்தத்துக்கே அங்கிருந்துதான் போவுது, சாமி திங்கறது உனக்கு ஆவாதா?" கூடவே ராகிக்கூழ், "சக்கரை வியாதிக்கு அருமருந்து"ன்னு. சரின்னு குடிச்சேன், ரெண்டு டம்ளர். ரெண்டு மணி நேரம் கழிச்சு விரல்ல குத்திப் பார்த்தா 231.

மெஷினை அத்தை கண்ணுக்கு நேரா நீட்டினேன். "மிசினு கெட்டுப்போச்சு"ன்னாங்க. மாவா அரைச்சுக் கரைச்சுக் காய்ச்சினா ராகியும் சட்டுனுதான் ரத்தத்துல ஏறும், பழுப்பா இருந்தாலும் சக்கரை சக்கரைதான்னு டாக்டர் சொன்னதைச் சொன்னேன். சொல்லிட்டு, தனியா அடுப்படில நின்னு இன்னொரு வாய் கூழ் குடிச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு.

செப்டம்பர் 21, ஞாயிறு

மகாளய அமாவாசை. அம்மாவுக்குப் படைச்சோம்.

அம்மாவோட வலது செருப்பு இன்னும் புதுசு மாதிரியே இருக்கு. இடதுதான் தேஞ்சிருக்கு. தூக்கிப் போட யாருக்கும் கை வரல.

செப்டம்பர் 28, ஞாயிறு

மாமா சொன்னார், "நடக்கப் புடிக்கலீன்னா நம்ம சென்னிமலை ஏறு. 1320 படி, டாக்டருக்கும் ஆச்சு, முருகனுக்கும் ஆச்சு." நல்ல யோசனைதான். அவர் பைக்ல மேல போய்க் காத்திருக்கறதா ஏற்பாடு.

ஆரம்பத்துல எண்ணிட்டே ஏறினேன். இருநூத்துச் சொச்சத்துல நெஞ்சு படபடன்னு வர, மண்டபத் திண்ணைல உட்கார்ந்தேன். அப்பத்தான் பொதிகாளை வந்துச்சு. அபிசேகத்துக்குத் தண்ணி தினம் காளை மேலதான் மேல போவுது. சின்ன வயசுல இருந்து பார்க்கறதுதான், ஆனா பக்கத்துல உட்கார்ந்து பார்த்ததில்ல. முதுகுல ரெண்டு பக்கமும் தண்ணி, ஒரு படியில முன்னங்கால் ரெண்டும் வெச்சு, ஒரு மூச்சு விட்டு, அப்புறம் பின்னங்கால். அவசரமே இல்ல. கழுத்து மணி அந்த நடைக்குன்னே கட்டின மாதிரி அடிக்குது. நான் எந்திரிச்சு அது பின்னாலயே ஏறினேன். மணி அடிச்சா ஒரு படி. எண்ண மறந்துட்டேன். நிமிர்ந்து பார்த்தா பாதிக்கு மேல வந்திருக்கேன்!

அப்புறம் காளை முன்னால போயிடுச்சு. மணிச் சத்தம் போனதும் காலும் நின்னுச்சு. மீதியை எப்படி ஏறினேன்னு எழுதற மாதிரி இல்ல. மேல மாமா பொங்கல் தின்னுட்டிருந்தார். "1984-ல இதே படில மாட்டு வண்டியே ஏறுச்சு, நீ இத்தனை நேரமா?"ன்னார்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூசை. சொசைட்டில பொரி, கடலை, சர்க்கரைப் பொங்கல். பொங்கல் ஒரு கரண்டி. பொய். ரெண்டு.

அக்டோபர் 4, சனி

சைசிங் (பாவு நூலுக்குக் கஞ்சி போடற பட்டறை) வீட்டு அக்கா வந்து, "களத்துல வள்ளி கும்மி கத்துக் குடுக்கறாங்க, வா அம்மிணி, ஆள் கொறையுது"ன்னு கையப் புடிச்சு இழுத்துட்டுப் போனாங்க. எனக்கு 46 வயசுன்னேன். மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டி பத்திரப்பன் ஐயாவுக்கு 2024-ல பத்மஸ்ரீ குடுத்தப்ப வயசு 87, கும்மி கத்துக் குடுத்ததுக்குத்தான் குடுத்தாங்கன்னு அக்கா வாயை அடைச்சுட்டாங்க.

மொத நாள் கையும் காலும் வேற வேற ஊருக்குப் போச்சு. குனிஞ்சு தட்டு, நிமிர்ந்து தட்டு, ஒரு சுத்து, பின்னால ரெண்டு எட்டு. நான் சுத்தறப்ப எல்லாரும் எதிர்ப்பக்கம் பார்த்து நிக்கறாங்க. எட்டாவது படிக்கிற புள்ளை ஒண்ணு என் இடுப்பைப் புடிச்சுத் திருப்பி வெச்சுது.

மணி ஒம்போதரை ஆயிருந்துச்சு. எப்ப ஆச்சு?

அக்டோபர் 8, புதன்

போனை இடுப்புல சொருகிட்டு ஆடினேன். 7,140 அடி. ராத்திரிச் சாப்பாட்டை ஆறரைக்கே முடிச்சுட்டுப் போனேன், வந்து குத்திப் பார்த்தா 138. இதே சாப்பாட்டுக்குப் போன வாரம் டிவி முன்னால உட்கார்ந்தப்ப 196.

அந்த நம்பரை விட்டுத்தள்ளலாம். நாளைக்கு வள்ளி தினைப்புனம் காக்கற எடம் சொல்லித் தர்றாங்க. அந்தத் திருப்பத்துல எனக்கு இன்னும் இடது கால் முந்திக்குது.

அக்டோபர் 12, ஞாயிறு

அரிசிம்பருப்பை விட முடியாது. நெய் ஊத்தி, பக்கத்துல தயிரோட தின்னு வளர்ந்த ஒடம்பு. அதனால அளவை மாத்திட்டேன். அரிசி ஒண்ணு, பருப்பு ஒண்ணரை, தட்டப்பயிறு ஒரு கை, அவரைக்காய் தாராளமா. மொதல்ல பொரியலைத் தின்னுட்டு அப்புறம்தான் சோத்துல கை. அத்தை ஒரு வாய் வெச்சுட்டு, "இது அரிசிம்பருப்பு இல்ல கண்ணு, பருப்பும்அரிசி"ன்னாங்க. ஆனா ரெண்டாந்தரம் கேட்டு வாங்கினாங்க.

கொள்ளு ரசம் மட்டும் எனக்கு எந்த டாக்டரும் சொல்ல வேண்டியதில்ல.

அக்டோபர் 20, திங்கள்

தீவாளி. கச்சாயம் ரெண்டு, முறுக்கு எண்ணல. பாப்பா ஹாஸ்டல்ல இருந்து வந்து, "அம்மா, இடுப்பு எளைச்சிருக்கு"ன்னா. அதுக்கு இன்னொரு கச்சாயம்.

அக்டோபர் 23, வியாழன்

மழை. களத்துல தண்ணி தேங்கி நிக்குது. தீவாளில இருந்து கும்மி இல்ல. 211. எல்லார் மேலயும் எரிஞ்சு விழறேன். மழையோ தீவாளியோ, ஒரு சாக்கு கிடைச்சா போதும், எல்லாம் பழையபடி. ஆறு தடவையும் இப்படித்தான் நின்னுச்சு.

அக்டோபர் 24, வெள்ளி

சைசிங் வீட்டு அக்கா நூல் குடோனைக் கூட்டி ஒதுக்கிக் குடுத்துட்டாங்க. பத்துப் பேர்தான். பாவு நூல் வாசத்துக்கு நடுவுல ஆடினோம். அந்த எட்டாவது புள்ளை, "ஏனுங் அத்தே, நேத்து நீங்க வரலீன்னா எனக்கு சோடி இல்லைன்னு அழுதேன்"ன்னுச்சு. நேத்து ஆருக்குமே கும்மி இல்லடீ!

நவம்பர் 8, சனி

வலது கால் சுண்டுவிரல்ல கொப்புளம்.

நவம்பர் 9, ஞாயிறு

மொளகு அளவு. பக்கத்துல செவந்திருக்கு. ஆடறப்பத் தெரியவே இல்ல, ராத்திரி கால் கழுவறப்பத்தான் பார்த்தேன். தெரியவே இல்லைங்கறதுதான் பிரச்சனை. அம்மாவுக்கும் தெரியல. கருவேல முள் ஏறி நாலு நாள் கழிச்சு வேட்டித் துணில ஈரம் பார்த்துத்தான் கேட்டோம், "என்னம்மா இது?"ன்னு. "ஒண்ணுமில்ல சாமி, வலிக்கல"ன்னாங்க. வலிக்கலைன்னு சொன்னதை நல்ல செய்தின்னு நெனச்சோமே. அந்த வார்த்தையை எத்தனை தடவை நெனச்சுப் பார்க்கறது. வலிச்சிருந்தா காட்டியிருப்பாங்க. வலிக்காததாலதான் முதல்ல விரல், அப்புறம்.

எனக்கு வலிக்குதா? அமுக்கினா வலிக்குது. நேத்தும் வலிச்சுதா, நான் கவனிக்கலையா? அஞ்சு நிமிசத்துக்கு ஒரு தடவை அமுக்கிப் பார்த்து இப்ப அமுக்கினதாலதான் வலிக்குதான்னும் தெரியல. மாமா தூங்கறார். மணி ரெண்டு. பீரோ மேல அந்தச் செருப்பு.

நவம்பர் 10, திங்கள்

டாக்டர் ஒரு குச்சில நைலான் நூல் மாதிரி ஒண்ணு வெச்சிருந்தார். கண்ணை மூடச் சொல்லி உள்ளங்கால்ல அங்கங்க அதை வெச்சு, வளையற வரைக்கும் அமுக்கி, தெரியுதான்னு கேட்டார். 10 கிராம் அழுத்தத்துல வளையற நூலாம். சென்னிமலைக்காரி, கையில தொட்டே நூல் கவுண்டு சொல்றவ, இன்னைக்குக் காலால நூலைத் தேடினேன். பெருவிரல், தெரியுது. குதி, தெரியுது. சுண்டுவிரல்... தெரியுதுங்க. பத்து எடத்துலயும் தெரிஞ்சுது.

வெளிய வந்து பெஞ்சுல உட்கார்ந்து அழுதேன். பக்கத்துல இருந்த ஒரு பெரியம்மா நம்பர் நிறைய வந்துடுச்சுன்னு நெனச்சு ஆறுதல் சொன்னாங்க.

ஆடலாம்னார். வெறுங்காலோட கூடாது. தினம் ராத்திரி பாதத்தைக் கண்ணாடி வெச்சுப் பார்க்கணும்.

நவம்பர் 14, வெள்ளி

கட்டிலுக்கு அடியில இருந்து வெள்ளை ஷூ வெளிய வந்துச்சு. மேல சேலை, கீழ ஷூ. களத்துல ஒரே சிரிப்பு. ஆசிரியர் மட்டும் சிரிக்கல, "கால் வெக்கற சத்தம் கேக்கலீங், தாளத்தைக் கையில காட்டுங்க"ன்னார். ஓங்கித் தட்டினேன். உள்ளங்கை ரெண்டும் செவசெவன்னு.

நவம்பர் 15, சனி

இன்னும் ரெண்டு பேர் ஷூ போட்டுட்டு வந்தாங்க. ஒருத்தருக்கு முட்டி வலி. இன்னொருத்தர் காரணம் சொல்லல, நானும் கேக்கல.

நவம்பர் 23, ஞாயிறு

"எங்க காலத்துல கும்மி ஆம்பளைங்க ஆடறது, இதென்ன கூத்து"ன்னு மூணு வாரமாப் பழமை பேசிட்டிருந்த அத்தை இன்னைக்குப் பாயைச் சுருட்டி எடுத்துட்டு, பேரனைப் பார்க்க வந்தவிய மாதிரிக் களத்தோரமா வந்து உட்கார்ந்தாங்க. அங்க அவிய பேரன் யாரும் இல்ல. மூணாவது சுத்துல பார்த்தேன், மடியில கை தாளம் தட்டிட்டிருந்துச்சு.

டிசம்பர் 2, செவ்வாய்

7.1. ஏழுக்குக் கீழ கேட்டார் டாக்டர். "இந்த மூணு மாசத்துல மொதல் மாசம் நீங்க ஒண்ணும் பண்ணலியே, அதும் சேர்ந்துதான் இந்த நம்பர்"ன்னார். அவரும் பேரேடு எழுதறவர்தான் போல. மாத்திரை அப்படியே. அடுத்த ரத்தம் மார்ச்ல.

மாமாகிட்டச் சொன்னேன். எந்திரிச்சுப் போய், ஸ்டூல் போட்டு ஏறி, அஸ்கா டப்பாவை எடுத்து அவர் டீக்குப் போட்டுட்டு மறுபடி மேலயே வெச்சார்.

டிசம்பர் 5, வெள்ளி

அரங்கேற்றம் 14-ம் தேதி, ஞாயித்துக்கிழமை, மார்கழி பொறக்கறதுக்கு முன்னால. கோயில் வாசல்ல. அங்க ஷூ ஆகாது. சாக்ஸ் போட்டா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கன்னு ஆசிரியர் சொல்லிட்டார், ஆனா சேலை மெரூன், பச்சைக் கரை. கடைவீதில கறுப்பு, வெள்ளை, பள்ளிக்கூட நீலம் மட்டும்தான் இருக்கு. நாளைக்கு ஈரோடு போகணும். ரெண்டு அளவுல எட்டு ஜோடி, அந்த முட்டி வலி அக்காவுக்கும் சேர்த்து. அத்தைக்குக் கால் அளவு எவ்வளவுன்னு