பிரியதத்தத்தினாலே: ஆயாவின் செபத்தைத் தேடிப் புதுச்சேரியில் ஒரு நாள்

ஆயா செபம் சொன்னால் சின்ன வயதில் எங்களுக்குப் பாதி புரியாது. மஞ்சக்குப்பத்து வீட்டில் விளக்கேற்றியதும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்துவின் நாமத்தினாலே" என்று சிலுவை போட்டுக்கொள்வார். அடுத்து, "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க." நாங்கள் பள்ளியில் படித்தது "அருள் நிறைந்த மரியே வாழ்க". இரண்டும் ஒரே செபம் என்பதே ரொம்ப நாள் எனக்குத் தெரியாது.

ஆயா போன பிறகு அந்த வார்த்தைகளை வீட்டில் யாரும் சொல்வதில்லை. இந்த அக்டோபரில், செபமாலை மாதமாயிற்றே என்று, அம்மாவை அழைத்துக்கொண்டு கடலூரிலிருந்து முதல் பஸ்ஸிலேயே புதுச்சேரிக்குக் கிளம்பினேன். ஆயா வருடம் தவறாமல் போய்வந்த கோவில்களுக்கு ஒருமுறை போக வேண்டும், அவ்வளவுதான் திட்டம். ஆல்பேட்டை தாண்டிப் பெண்ணையாற்றுப் பாலத்தில் ஏறியபோது இன்னும் முழுதாக விடியவில்லை. அம்மா தலையில் முக்காடு போட்டுக்கொண்டு காலைச் செபத்தை முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

முதலில் மிஷன் வீதி. ஜென்மராக்கினி மாதா பேராலயம் என்று சொன்னால் ஆட்டோக்காரர் ஒரு நொடி யோசிப்பார். சம்பா கோவில் என்றால் உடனே வண்டியை எடுப்பார். சம்பா என்பது நெல் அல்ல. புனித பவுல் என்பதைப் போர்த்துகீசியர் சொன்ன விதம் ஊர் வாயில் சம்பாவுலு ஆகி, சம்பாவாகத் தேய்ந்தது. சேசு சபைக் குருக்கள் 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே கட்டிய கோவிலும், அப்புறம் எழுந்ததும் போர்களில் இடிந்தன. 1761-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியைத் தரைமட்டமாக்கியபோது கோவிலும் தப்பவில்லை. இப்போது நாம் பார்ப்பது 1791-ல் முடிந்த கட்டடம்.

காலைப் பூசை முடிந்து கூட்டம் கலைந்த பிறகும் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். கட்டடம் விழுந்தபோதெல்லாம் விழாமல் நின்றது ஆயா சொன்ன மாதிரியான செபங்கள்தான் என்று தோன்றியது. ஆயாவின் அந்த இரண்டு வரிகளையே பாருங்கள். 'இஸ்பிரீத்து சாந்து' அப்படியே போர்த்துகீசியம். முத்துக்குளித்துறையில் உழைத்த போர்த்துகீசியக் குரு அன்றீக்கு அடிகளார் 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கங்களே கொண்டது. தமிழ் எழுத்தில் அச்சான அந்த முதல் செப நூலின் காலத்து ஒலிதான் அது. 'பிரியதத்தம்' வடமொழி. அன்போடு கொடுக்கப்பட்டது என்று பொருள். கடவுளைச் சர்வேசுரன் என்று அழைத்த, தத்துவபோதகர் என்று பெயர் வைத்துக்கொண்ட இத்தாலியக் குரு ராபர்ட் டி நொபிலியின் காலத்து வழக்கிலிருந்து வந்த சொற்கள் இவை. 'அருள்' என்ற சொல் அந்த இடத்துக்கு வந்தது பிறகுதான். உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் (1962-65) காலத்துக்குப் பிறகு பூசையே லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறியபோது, செபங்களும் புதுத் தமிழ் உடுத்தின. கர்த்தர் ஆண்டவரானார், அர்ச்சிஷ்ட என்பது தூய என்றானது, சம்மனசு வானதூதரானார்.

எனக்குப் புதுச் செபம் பிடிக்கும். குழந்தைக்குப் புரிகிறது. ஆனால் பிரியதத்தம் என்ற சொல்லை இழந்தது இழப்புதான் என்று உறுதியாக நம்புகிறேன். அருள் என்றால் பெரியது, மேலிருந்து வருவது. பிரியதத்தம் என்றால் பிரியமானவர் கையில் வைத்துக் கொடுத்தது.

பழையது எல்லாமே இனிப்பு என்று சொல்ல வரவில்லை. இந்தக் கோவிலுக்குள் ஒரு காலத்தில் தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்து உட்காரவைக்க ஒரு சுவர் இருந்தது. அவர்கள் போய் முறையிட்டதும் 1745-ல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டதும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் இருக்கிறது. அதே செபத்தைச் சொல்லிக்கொண்டே சுவரும் கட்டியிருக்கிறோம். அதை நினைத்தபோது அங்கே முட்டி போட்டிருக்கக் கூச்சமாக இருந்தது.

வெளியே வந்து இட்லி சாப்பிட்டுவிட்டு, கடற்கரைப் பக்கம் கப்ஸ் கோவிலையும் எட்டிப் பார்த்தோம். கப்புச்சின் துறவிகளின் கோவில் என்பதுதான் கப்ஸ் ஆனது. இப்போதுள்ள ரோஜா நிறக் கட்டடம் 1855-ல் முடிந்தது. அம்மாவுக்கு வெயில் ஏறுவதற்குள் வில்லியனூர் போய்விட வேண்டும் என்ற அவசரம். டவுன் பஸ் பிடித்தோம்.

வில்லியனூர் மாதா கோவில்தான் ஆயாவின் கோவில். பிரான்சின் லூர்து நகரில் 1858-ல் பெர்னதெத் என்ற ஏழைச் சிறுமிக்கு மாதா 18 முறை காட்சி கொடுத்தார். இருபது வருடங்களுக்குள், 1877-லேயே, அந்த மாதாவுக்கு இங்கே கோவில் எழுந்துவிட்டது. எதிரே ஒரு பெரிய குளம், நடுவில் மாதா சுரூபம். கோவிலுக்குக் குளம் வைத்துப் பழகிய ஊர் மாதாவுக்கும் குளம் வைத்துவிட்டது. படியில் இறங்கித் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

அம்மா செபமாலையை எடுத்தார். ஆயாவுடையது. ஒருமுறை அது அறுந்து மணிகள் சிதறியபோது, திரும்பக் கோக்கும்வரை ஆயா பத்துப் பத்தாகப் புளியங்கொட்டையை வைத்து எண்ணினாராம். அம்மா சிரித்துக்கொண்டு சொன்னார். நான் படித்ததைச் சொன்னேன். 4-ஆம் நூற்றாண்டில் எகிப்துப் பாலைவனத்தில் பவுல் என்ற துறவி நாளுக்கு 300 செபம் சொல்வாராம். மடியில் 300 கூழாங்கற்கள், ஒரு செபத்துக்கு ஒன்றாக வீசுவாராம். மடங்களில் படித்த துறவிகள் 150 சங்கீதங்களைப் பாடியபோது, எழுத்தறியாதவர்கள் அதே 150 எண்ணிக்கையில் தெரிந்த செபத்தையே திரும்பச் சொன்னார்கள். செபமாலை வளர்ந்த வழிகளில் அது முக்கியமானது. படிக்கத் தெரியாதவர்களின் சங்கீதப் புத்தகம். கையெழுத்துப் போடத் தெரியாத ஆயாவுக்கு அதைவிடப் பொருத்தமான புத்தகம் எது?

நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பாட்டி, மேல் படியிலிருந்து மெல்ல இறங்கி வந்தார். "மாலை சொல்றீங்களாம்மா? நானும் உக்காரட்டுமா?" என்றார்.

"வாங்கம்மா, நீங்களே முன்னாடி சொல்லுங்க" என்றார் அம்மா.

செபமாலையில் ஒருவர் முதல் பாதி சொல்ல, மற்றவர்கள் மறுபாதி சொல்ல வேண்டும். பாட்டி மணியைப் பிடித்தார். "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க! கர்த்தர் உம்முடனே..."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. அம்மா பழக்கத்தில், "தூய மரியே, இறைவனின் தாயே" என்று பதில் சொன்னார். பாட்டி அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. இரண்டாம் மணியிலும் அப்படியே. மூன்றாவது மணிக்கு அம்மா தொடங்கவில்லை. குளத்தையே பார்த்தபடி ஒரு கணம் இருந்தார். அப்புறம், குரல் கொஞ்சம் உடைய, "அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே" என்றார். ஒரு வார்த்தைகூடத் தடுமாறாமல் கடைசிவரை சொன்னார். நான்காவது மணியில் நானும் சேர்ந்துகொண்டேன்.