பனிச்சரிவுப் பாடத்தை சாய்ஸில் விடாதீர்கள்

உசிலம்பட்டிப் பக்கம் பிறந்த நான் பனியைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். முதுகலைப் புவியியல் மாதிரித் தேர்வில் பத்து மார்க் கேள்விக்கு, பனி நிறையப் பெய்தால் சரியும் என்பதையே இரண்டு பக்கம் எழுதி மூன்று மார்க் வாங்கினேன். "சாய்ஸில் விட்டுரு" என்றார்கள் நண்பர்கள். மனம் வரவில்லை. 2016 பிப்ரவரி 3-ல் சியாச்சின் பனிச்சரிவில் சிக்கி இறந்த மெட்ராஸ் ரெஜிமெண்ட் வீரர்கள் 10 பேரில் ஒருவர் எங்கள் மதுரை மாவட்டம், இன்னொருவர் தேனி.

கிணறு வெட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பாடம் சுலபம். கடப்பாரை இறங்குகிற விதத்தை வைத்தே இது சரளை, இது பாறை என்று அப்பா சொல்லிவிடுவார். பனியிலும் குழி வெட்டி, அதன் சுவரைக் குத்திப் பார்க்கிறார்கள். மெத்தென்ற அடுக்கில் முஷ்டியே போகும். இறுக இறுக நான்கு விரல், ஒரு விரல், பென்சில், கடைசியில் கத்தி. இறுகிய அடுக்குக்குக் கீழே மெத்தென்ற அடுக்கு இருந்தால் அதுதான் ஆபத்து.

அந்த மெத்தென்ற அடுக்கு எப்படி வருகிறது என்பதை விரிவாக எழுதுங்கள். பனிக்கு அடியில் தரை ஏறக்குறைய 0 டிகிரி, மேலே கடுங்குளிர். 10 செ.மீ.க்கு 1 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால், நீராவி மேலேறி உறைந்து, பனித்துகள்கள் சீனி போல ஒன்றோடொன்று ஒட்டாத படிகங்களாகிவிடும். குறைந்த ஆழப் பனியில்தான் இது சீக்கிரம் நடக்கும். என் பழைய பதில் தப்பானது இங்கேதான்.

வீட்டிலேயே செய்து பாருங்கள். பலகையில் கொஞ்சம் மைதா, அதன்மேல் சீனி, மறுபடி மைதா போட்டு லேசாக அமுக்கி, ஒரு முனையை மெல்லத் தூக்குங்கள். மேல் மைதா வெடித்துப் பாளமாக வழுக்கும். மலையில் இப்படிப்பட்ட பாளங்கள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிச் சரிவுகளில் கிளம்புகின்றன.

தட்டிப் பார்க்கும் சோதனையையும் சேருங்கள். 30 செ.மீ. சதுரத் தூணாகப் பனியை வெட்டி, மேலே மண்வாரியை வைத்து, மணிக்கட்டிலிருந்து 10, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10 தட்டு. எத்தனையாவது தட்டில், எந்த ஆழத்தில் உடைந்தது என்று குறிப்பார்கள். சீக்கிரம் உடைந்தால் அடுக்கு பலவீனம்.

பனிக்குழிச் சுவரின் படம் கட்டாயம். இடப்பக்கம் ஆழம், நடுவில் வெப்பநிலைக் கோடு, வலப்பக்கம் ஒவ்வோர் அடுக்கும் எவ்வளவு இறுகியது என்பது. அடுத்த தேர்வில் அதை வரைந்த பிறகுதான் முதல் வரியையே எழுதினேன்.