தமிழ் எழுத்து யாஸீனிலிருந்து அரபு எழுத்துக்கு: பெண்கள் ஓதல் வகுப்பு நடத்திய அனுபவம்

இதயத்துக்கும் நாய்க்கும் அரபியில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். அடிநாக்கிலிருந்து வரும் காஃபில் சொன்னால் கல்ப் என்பது இதயம். சாதாரண காஃபில் சொன்னால் அதே கல்ப் நாய். தமிழில் எழுதும்போது இரண்டுமே "கல்பு"தான். கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலை, திருவிதாங்கோடு, அழகியமண்டபம் பக்கத்து வீடுகளில் வியாழன் இரவு குர்ஆனின் யாஸீன் அத்தியாயத்தை ஓதும் பெண்களில் பலர் கையில் இருப்பது தமிழ் எழுத்தில் அச்சடித்த யாஸீன். அதை வைத்து ஓதுகிறவர்களைக் குறை சொல்ல மனம் வராது. சிறு வயதில் ஓத்துப்பள்ளிக்கு (குர்ஆன் ஓதக் கற்கும் பள்ளிக்கு) போனதைப் பாதியில் நிறுத்தியவர்கள், கல்யாணம் முடிந்து பிள்ளை குட்டி என்று எழுத்தை மறந்தவர்கள், அந்தத் தமிழ் எழுத்து வழியாகத்தான் ஓதலோடு ஒட்டிக்கொண்டு இருக்கிறார்கள். ஆனால் அதிலேயே நின்றுவிட்டால் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க முடியாது. தமிழ் எழுத்தில் இல்லாத சத்தத்தை எங்கிருந்து எடுத்துக் கொடுப்பது?

இப்படிப்பட்ட உம்மாமாருக்கும் உம்மாவின் உம்மாமாருக்கும் அரபு எழுத்து கற்றுக்கொடுக்கும் வகுப்பை எப்படி நடத்துவது, எங்கே இடறும் என்பதை எழுதுகிறோம். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். மூன்று மாதத்தில் முடிக்கப் பார்த்தால் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள்.

முதலில் நேரம். காலை பத்தரை மணி நல்ல நேரம் போலத் தெரியும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருப்பார்கள். ஆனால் அந்த நேரத்தில்தான் மீன் வரும். மீன்காரர் ஹாரன் அடித்தால் வகுப்பு கலைந்துவிடும், யாரையும் பிடித்து வைக்க முடியாது. மஃரிபுக்கும் (சூரியன் மறைந்ததும் தொழும் தொழுகை) இஷாவுக்கும் (இரவுத் தொழுகை) இடையில் வைத்தால், வளைகுடாவில் இருக்கும் கணவரின் அழைப்பும் பிள்ளைகளின் வீட்டுப்பாடமும் குறுக்கே வரும். நமது மாவட்டத்தில் மஃரிப் நவம்பரில் ஆறு மணிக்கும் ஜூலையில் ஆறே முக்காலுக்கும் என்று நகர்வதால், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறிப்பதும் சிரமம். லுஹர் (நண்பகல் தொழுகை) முடிந்து சாப்பாடும் ஆன பிறகு, மதியம் இரண்டரை முதல் மூன்றரை வரைதான் பொருந்தி வந்த நேரம். பள்ளி வேன் நான்கு மணிக்கு வருவதற்குள் எல்லாரும் வீடு சேர்ந்துவிடலாம். வாரத்தில் நான்கு நாள் போதும்.

இடம் தைக்காவாகவோ (ஊரின் சிறு தொழுகைக் கூடம்) யாராவது ஒருவர் வீட்டுத் தளமாகவோ இருக்கலாம். ஒரு வகுப்பில் எட்டுப் பேர். பத்தைத் தாண்டினால் ஒவ்வொருவர் வாயையும் கேட்க நேரம் கிடைக்காது, கேட்காமல் விட்ட பிழை நிலைத்துவிடும். ஆளுக்கொரு சிலேட்டு, பல்பம், ஓதும் பக்கத்தைக் காட்ட ஒரு குச்சி. குர்ஆன் பிரதி எல்லாருக்கும் ஒரே அச்சாக இருக்க வேண்டும். இதைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. ஹஜ்ஜுக்குப் போனவர்கள் கொண்டுவந்த மதீனா அச்சு 604 பக்கம், பக்கத்துக்குப் பதினைந்து வரி. நம்மூர்க் கடைகளில் கிடைக்கும் இந்திய அச்சில் ஸுகூன் (எழுத்துக்கு உயிரொலி இல்லை என்று காட்டும் குறி) அடையாளத்தின் வடிவமும் வேறு, தன்வீன் (சொல்லின் கடைசியில் ன் சத்தம் தரும் இரட்டைக் குறி) போடும் விதமும் வேறு. இரண்டும் சரியானவைதான், ஓதி முதிர்ந்தவருக்குப் பிரச்சினை இல்லை. எழுத்துக்கூட்டுகிறவருக்கோ பக்கத்தில் இருப்பவரின் பிரதியும் தன்னுடையதும் வேறு வேறாகத் தெரிந்தால் அதோடு நம்பிக்கை போய்விடும்.

எழுத்து வடிவம் முதல் ஐந்து வாரம். அரபியில் 28 எழுத்து. அதில் 15 எழுத்துக்குப் புள்ளி உண்டு, 13-க்கு இல்லை. அலிஃப், பா, தா என்று வரிசையாகப் பாட்டுப்போல் ஒப்பிக்க விடாதீர்கள். பாட்டு வாயில் நிற்கும், எழுத்து கண்ணில் நிற்காது. புள்ளியை வைத்துப் பிரித்துக் காட்டினால் வேகமாகப் பிடிபடும். சொல்லின் நடுவில் வரும்போது பா, தா, ஸா, நூன், யா ஐந்துமே ஒரு சிறு பல் மாதிரிதான் இருக்கும். கீழே ஒரு புள்ளி பா, மேலே இரண்டு தா, மேலே மூன்று ஸா, மேலே ஒன்று நூன், கீழே இரண்டு யா. சிலேட்டில் ஒரு பல்லை மட்டும் வரைந்து, புள்ளியை அழித்து அழித்து மாற்றிக் காட்டுங்கள். கால் மணி நேரத்தில் ஐந்து எழுத்து நிற்கும்.

அடுத்தது ஒட்டாத எழுத்துகள். அலிஃப், தால், புள்ளி வைத்த தால், ரா, ஸாய், வாவ் என்னும் ஆறும் தனக்குப் பின்னால் வரும் எழுத்துக்குக் கை கொடுக்காது. மீதி 22-ம் இரண்டு பக்கமும் கை கோக்கும். இந்த ஆறையும் முதலிலேயே மனதில் பதிய வைத்தால், ஒரு சொல் எங்கே உடைந்து நிற்கிறது என்ற குழப்பம் பாதியாகக் குறையும். இதைச் சொல்லாமல் விட்ட வகுப்புகளில் ஒரே சொல்லை இரண்டு சொல்லாக ஓதும் பழக்கம் மாதக்கணக்கில் மாறவில்லை.

இனிச் சத்தம். பொறுமை மிக அதிகமாகத் தேவைப்படுவது இங்கேதான். தமிழ்க் காதுக்கு எந்த இடம் கஷ்டம் என்று முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொண்டால் கற்பிப்பவருக்கும் அலுப்பு வராது, கற்பவருக்கும் அவமானம் வராது. அரபியில் "பசு"வில் வரும் ப கிடையவே கிடையாது. இருப்பது "தம்பி"யில் வரும் பி. "தம்பி, தம்பி" என்று நாலு தடவை சொல்ல வைத்து, முன்பாதியை வாய்க்குள் விழுங்கிப் பின்பாதியை மட்டும் சொல்லச் சொன்னால் பிஸ்மில்லாஹ்வின் சரியான முதல் சத்தம் தானாக வரும். அதே மாதிரி "பத்து"வில் வரும் து மெல்லிய தா, "பந்து"வில் வரும் து தால், "அது"வில் வரும் து ஏறக்குறையப் புள்ளி வைத்த தால். "மஞ்ச"ளில் உள்ள ச ஜீம். இவையெல்லாம் நம் வாயில் ஏற்கெனவே இருக்கின்றன, நம் எழுத்தில்தான் தனித்தனியாக இல்லை. களியக்காவிளைப் பக்கம் மலையாளம் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய கஷ்டமாக இருக்காது. அந்த எழுத்தில் இந்த வேறுபாடு இருக்கிறது.

நம் வாயில் இல்லாதவை வேறு. ஸீனும் ஸாதும் ஸாவும் தமிழில் ஒரே ஸ. ஸாவுக்கு நாக்கு நுனி மேல்பல் விளிம்பைத் தொட வேண்டும். கண்ணாடி பார்த்துச் சொல்ல வைத்தால் நுனி தெரிகிறதா என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஸாதுக்கு வாய் நிறைய வேண்டும். நடுத்தொண்டை ஹாவுக்குக் கண்ணாடியில் ஆவி ஊதித் துடைப்பதுபோல் ஊதச் சொல்வோம். ளாத் எல்லாவற்றிலும் கடினம். நாக்கின் ஓரம் மேல் கடைவாய்ப் பல்லோடு சேர வேண்டும். ஆனால் ஒளு (தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவுவது), ஃபர்ளு (கட்டாயக் கடமை), ரமளான் என்று பிறந்ததிலிருந்து தமிழ் ள போட்டே சொல்லிப் பழகிய வாய் அது. அந்தப் பேச்சு வழக்கை மாற்றச் சொல்ல வேண்டாம், ஒளு ஒளுவாகவே இருக்கட்டும். ஓதும்போது மட்டும் வேறு இடம் என்று பிரித்துச் சொன்னால் ஏற்றுக்கொள்கிறார்கள்.

சொல்லின் கடைசியில் உகரம் சேர்ப்பது தமிழ் நாக்கின் இன்னொரு பழக்கம். கல்ப் கல்பு ஆனதும், ஃபர்ள் ஃபர்ளு ஆனதும் அப்படித்தான். இக்லாஸ் சூராவில் (குர்ஆன் அத்தியாயத்தில்) "அஹத்" என்று நிறுத்த வேண்டிய இடத்தில் "அஹது" என்று வரும். குர்ஆனின் முதல் சூராவான ஃபாத்திஹாவில் "அன்அம்த" என்பது "அன்அம்து" ஆனால், "நீ அருள்புரிந்தாய்" என்பது "நான் அருள்புரிந்தேன்" என்று பொருள் மாறிவிடும். இதைச் சொன்ன அன்றைக்கு வகுப்பே அமைதியாகிவிடும். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லக் கூடாது. பொருள் தெரிந்தால் பிழையைத் தானே பிடிக்கிறார்கள் என்பதற்காகச் சொல்ல வேண்டும்.

நமக்கு எளிதாக வரும் ஒன்றும் இருக்கிறது. குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு மாத்திரை என்று ஐந்தாம் வகுப்புப் படித்தவருக்கும் தெரியும். இயல்பான மத்து (நீட்டி ஓதுவது) இரண்டு ஹரகத் (குறில் உயிர்க்குறி) அளவு. "நெடில் மாதிரி நீட்டுங்கள்" என்றால் போதும். பள்ளிக்கூடம் போகாத பாட்டிமாருக்கு கண் இமைக்கும் நேரத்தை விரல் மடக்கிக் காட்டலாம்.

எட்டாவது வாரம் ஸுகூனும் ஷத்தும் (எழுத்தை இரட்டித்து ஓதச் சொல்லும் குறி) முடிந்து சூராக்களுக்குள் போகும்போது ஒரு பெரிய ஏமாற்றம் காத்திருக்கும். எல்லாரும் கடகடவென்று ஓதுவார்கள், கற்பிப்பவருக்குச் சந்தோஷம் தாங்காது. ஆனால் அது வாசிப்பு அல்ல. ஃபாத்திஹாவும் 105 முதல் 114 வரையுள்ள சிறிய சூராக்களும் சிறு வயதிலேயே மனப்பாடம். கண் பக்கத்தின் மேல் இருக்கும், வாய் நினைவிலிருந்து ஓதும். இதைக் கண்டுபிடிக்க ஓர் அட்டை போதும். கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒரு சொல் மட்டும் தெரியும் அளவுக்குச் சன்னல் வெட்டிப் பக்கத்தின் மேல் வையுங்கள். வரியின் கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கி நகர்த்துங்கள். இப்போது ஒவ்வொரு சொல்லையும் கண்ணால்தான் படிக்க வேண்டும். கடகடவென்று ஓதியவர் ஃபாத்திஹாவில் வரும் "நஸ்தயீன்" என்ற ஒற்றைச் சொல்லில் ஒரு நிமிடம் நிற்பார். பதற விடாதீர்கள். உண்மையான வாசிப்பு அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. சிரமப்பட்டுத் திக்கித் திக்கி ஓதுகிறவருக்கு இரண்டு கூலி என்று அன்னை ஆயிஷா நாயகியின் வழியாக புகாரி, முஸ்லிம் என்னும் ஹதீஸ் தொகுப்புகளில் வரும் நபிமொழியை வகுப்பில் ஒரு தடவையாவது சொல்ல வேண்டிய நேரமும் இதுதான்.

ஃபாத்திஹாவுக்கு மட்டும் மூன்று வாரம் ஒதுக்குங்கள். ஷாஃபி மத்ஹபில் (மார்க்கச் சட்டப் பிரிவில்) பிஸ்மியையும் சேர்த்து அதில் 14 ஷத்துகள் கணக்கு. ஒன்றை விட்டாலும் ஓதல் குறைபடும், தொழுகையைத் தொடும் விஷயம். "இய்யாக" என்பதை "இயாக" என்று ஷத்து இல்லாமல் ஓதுவதுதான் அதிகம் கேட்கும் பிழை. பதினான்கையும் சிவப்புப் பேனாவால் ஒரு தாளில் வட்டமிட்டுக் கொடுத்து, தொழும் அறையின் சுவரில் ஒட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.

மாதவிடாய் நாள்களைப் பற்றி யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. வகுப்பு நின்றுபோக முதல் காரணமே அதுதான். மாதம் ஐந்தாறு நாள் குர்ஆனைத் தொட முடியாது என்று வராமல் இருந்தவர், திரும்பி வரும்போது மற்றவர்கள் முன்னே போயிருப்பார்கள். கூச்சப்பட்டு அடுத்த மாதம் நின்றுவிடுவார். அந்த நாள்களிலும் வகுப்புக்கு வரச் சொல்லுங்கள். சிலேட்டில் தனி எழுத்து, எழுத்தின் பிறப்பிடம், ஓதப்பட்ட சூராவின் தமிழ்ப் பொருள், மற்றவர் ஓதுவதைக் கேட்டுக்கொண்டிருப்பது என்று வேலை இருக்கிறது. எது ஆகும், எது ஆகாது என்பதை மஹல்லா ஆலிமிடம் (ஊர் ஜமாஅத்தின் மார்க்க அறிஞரிடம்) வகுப்பு தொடங்கும் முன்பே கேட்டு, முதல் நாளே எல்லாருக்கும் சொல்லிவிட வேண்டும்.

இந்த வகுப்பின் உயிர் மூன்றாவது வாரத்தில் இருக்கிறது. எழுத்து முழுதும் முடியாத அந்த நேரத்திலேயே ஒவ்வொருவரும் வீட்டில் ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்க வேண்டும்: மகள், மருமகள், பேத்தி, பக்கத்து வீட்டு மைனி, யாராக இருந்தாலும் சரி. "நானே முழுசா படிக்கல்ல, பின்ன எப்படிச் சொல்லிக் கொடுக்க?" என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். பத்ரில் பிடிபட்ட கைதிகளில் எழுதத் தெரிந்தவர்களுக்கு, மதீனாப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதே விடுதலைக்கான ஈடாக வைக்கப்பட்டது. எதிரியிடமிருந்தும் எழுத்தை வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த சமுதாயம் இது. ஐந்து எழுத்து தெரிந்தவர் அந்த ஐந்தைக் கொடுக்கலாம். "உங்களில் சிறந்தவர் குர்ஆனைக் கற்று, பிறருக்கும் கற்றுக்கொடுத்தவர்" என்னும் நபிமொழியில் கற்பதும் கற்பிப்பதும் சேர்ந்தே வருகின்றன.

இதில் ஒரு நடைமுறைப் பலனும் உண்டு. பேத்திக்கு ஸீனையும் ஸாதையும் பிரித்துச் சொல்லப் போனவர், தன் நாக்கு இரண்டையும் ஒன்றாகவே சொல்வதை அங்கேதான் கேட்பார். மறுநாள் வகுப்புக்கு வந்து அந்தக் கேள்வியையே முதலில் கேட்பார். சொல்லிக்கொடுக்கத் தொடங்கியவர்கள் வகுப்பை விட்டுப் போவது மிக அரிது. தவறாகச் சொல்லிக்கொடுத்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் நியாயமானதுதான். அதற்கு ஒரு கட்டு வைத்திருக்கிறோம்: வகுப்பில் உஸ்தாத் (ஓதிக்கொடுக்கும் ஆசிரியர்) கேட்டுச் சரி சொன்ன எழுத்தை மட்டும்தான் வீட்டில் கொடுக்கலாம். வருகைப் பதிவேட்டில் வந்தார், வரவில்லை என்று குறிப்பதோடு நிறுத்தாமல், எந்த எழுத்து வரை "சரி" வாங்கியிருக்கிறார், வீட்டில் யாருக்கு எந்த எழுத்து வரை கொடுத்திருக்கிறார் என்று இரண்டு கட்டம் போட்டு எழுதுங்கள்.

சில வீடுகளில் அரபுத்தமிழ் கிதாபு படித்துப் பழகிய மூத்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அரபு எழுத்திலேயே தமிழைப் படித்த தலைமுறை அது. எழுத்து வடிவம் அவர்களுக்கு அத்துப்படி, சத்தம்தான் தமிழாக இருக்கும். வடிவம் கற்றுக்கொடுக்க அவர்களை உட்கார வைத்து, சத்தத்துக்கு மட்டும் உஸ்தாத் பொறுப்பேற்றால், அந்த மூத்தவர்களுக்கும் மரியாதை, வகுப்புக்கும் கை கூடும்.

உஸ்தாதாக ஓதிக்கொடுக்க வரும் ஆலிமாவுக்கு (மார்க்கம் படித்த பெண்ணுக்கு) சம்பளம் கொடுங்கள். "அல்லாஹ்வுக்காகச் செய்யுங்கள்" என்று அவரிடம் சொல்ல நமக்கு உரிமை இல்லை. அது அவர் மனதில் எடுக்க வேண்டிய நிய்யத் (உள்ளத்தின் எண்ணம்). பள்ளிவாசலுக்கு மார்பிள் போடப் பணம் திரளும் மஹல்லாவில் எழுத்து சொல்லிக்கொடுப்பவருக்குப் பேருந்துக் காசுகூடக் கேட்டு வாங்க வேண்டியிருப்பது மனதை அறுக்கும் விஷயம். எட்டு வீடும் பங்கிட்டு, மாதம் ஐந்தாம் தேதிக்குள் கையில் கொடுத்துவிடுங்கள்.

வகுப்பு தொடங்க நல்ல மாதம் ஜனவரி. ஜூனில் தொடங்கினால் தென்மேற்கு மழை, அது ஓய்ந்தால் அக்டோபரில் வடகிழக்கு மழை; நமது மாவட்டத்துக்கு இரண்டும் உண்டு. நாலு நாள் தொடர்ந்து மழை பெய்தால் குரல் செய்தியில் ஆளுக்கு ஒரு வரி ஓதி உஸ்தாதுக்கு அனுப்பலாம். குழுவில் போட வேண்டாம், பிறர் கேட்பதைப் பலர் விரும்புவதில்லை. ரமளானில் வகுப்பை நிறுத்திவிட்டு, ஆளுக்கு அரைப் பக்கமானாலும் தினமும் பார்த்து ஓதச் சொல்லுங்கள். தராவீஹ் (ரமளான் இரவுத் தொழுகை) தொடங்கும் முதல் பிறை அன்றே, பெருநாள் கழிந்து எந்தத் திங்கள்கிழமை வகுப்பு என்று தேதியை எழுதி தைக்கா வாசலில் ஒட்டிவிடுங்கள். அந்தத் தேதி ஒட்டாத வருடம் வகுப்பு மறுபடி கூட இரண்டு மாதம் ஆகிறது.