மாற்குவுடன் ஒரு குறுவை

ஜூன் 16, பொறையாறு

எங்கள் சபைப் போதகர் ஐயர் கொடுத்த வேதபாட வழிகாட்டியை இன்று தொடங்கினோம். மாற்கு சுவிசேஷத்தைச் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரித்து நாளுக்கு ஒன்று என்று வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு வசனம்தான். ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்விகள்: இங்கே என்ன நடக்கிறது, அதன் கருத்து என்ன, இன்று நான் என்ன செய்யப்போகிறேன். கீழே எழுத இடம் விட்டிருக்கிறது. பக்கத்தைப் புரட்டினால்தான் விளக்கம்.

இந்த அளவு எனக்குப் பிடித்திருக்கிறது. வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். ஒரு வருஷத்தில் முடிக்க வேண்டுமென்றால் தினமும் மூன்று நான்கு அதிகாரம் ஓட வேண்டும். ஜனவரியில் ஆதியாகமத்தில் உற்சாகமாகக் கிளம்பும் பலர், லேவியராகமத்துப் பலிகளுக்குள் வந்ததும் நின்றுவிடுகிறார்கள். முழுவதையும் வாசிப்பது நல்லதுதான். ஆனால் பழக்கம் வேர் பிடிக்கும்வரை கொஞ்சமாக, நின்று நிதானித்து வாசிப்பதே சரி.

அத்தைக்குக் கண்புரை, எழுத்து மங்கலாகத்தான் தெரிகிறது. நான் சத்தமாக வாசிப்பேன், அவர் கேட்பார். கேள்விக்கு இரண்டு பேரும் பதில் சொல்ல வேண்டும்.

ஜூன் 20

மாற்கு 1:35. இருட்டோடு எழுந்து, ஆளில்லாத இடத்துக்குப் போய் இயேசு ஜெபிக்கிறார். முந்தின நாளையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது வழிகாட்டி. அது ஓய்வுநாள். கப்பர்நகூம் ஜெப ஆலயத்தில் போதிக்கிறார், அசுத்த ஆவியைத் துரத்துகிறார், சீமோன் வீட்டில் அவர் மாமியாரின் காய்ச்சலைத் தீர்க்கிறார். பொழுது சாய்ந்ததும் ஊரே வாசலில் கூடிவிடுகிறது. அப்படி ஒரு நாளுக்கு மறுநாள் விடியலில்தான் இந்த ஜெபம். ஓய்வு கிடைத்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் இருக்கவில்லை.

எங்கள் வீட்டில் இத்தனை மணிக்கு என்று வைத்தால் நிலைக்காது, வயலுக்கு ஆற்றுத் தண்ணீர் விடும் முறை வந்தால் எல்லாமே மாறிவிடும். வாசல் பெருக்கித் தண்ணீர் தெளித்த கையோடு, அடுப்பு பற்றவைக்கும் முன் என்று வைத்துக்கொண்டோம்.

ஜூலை 2

விதைக்கிறவன் உவமை. விதை வழியோரத்திலும் பாறை மேலும் முள்ளிலும் நல்ல நிலத்திலும் விழுகிற கதை. இன்று மாமாவும் வந்து உட்கார்ந்துவிட்டார். நாற்றங்காலுக்குப் போக வேண்டியவர், "விதைப்பு" என்று காதில் விழுந்ததும் துண்டை உதறித் திண்ணையில் போட்டார்.

"கல்லே இல்லாத மண்ணு நம்மளது. பாறை மேல விதை விழறதை நான் எங்க பாத்தேன்?" என்றார். நியாயமான கேள்வி. இந்த இடத்தில்தான் வழிகாட்டியின் விளக்கம் தேவைப்பட்டது. அந்த நாட்டில் கோதுமையும் வாற்கோதுமையும் மழையை நம்பிய பயிர். கையால் வீசி விதைப்பார்கள். வயலுக்கு ஊடாகவே நடைபாதை போகும். சில இடங்களில் மேல்மண் மெல்லிசாக இருக்கும், அடியில் சுண்ணாம்புப் பாறை. காவிரி வண்டலில் பிறந்தவருக்கு இதை யாராவது சொன்னால்தான் அந்த வயல் கண்ணுக்குத் தெரியும்.

அதே அதிகாரத்தில் 26 முதல் 29 வரை இன்னொரு விதை உவமை இருக்கிறது. மாற்கு மட்டுமே எழுதியது. விதைத்தவன் தூங்கி எழுகிறான், விதை முளைத்து வளர்கிறது, எப்படி என்று அவனுக்கே தெரியாது. முதலில் முளை, பிறகு கதிர், பிறகு நிறைந்த தானியம். மாமா அதை அப்படியே நெல்லுக்கு மாற்றினார்: தூர் கட்டுவது, சூல் பிடிப்பது, பூப்பது, பால் பிடிப்பது. "தண்ணி வைக்கலாம், களை எடுக்கலாம். பால் புடிக்கிறது நம்ம கையில இல்லம்மா." இரண்டாவது கேள்விக்குக் கீழே அவர் சொன்னதையே எழுதினேன்.

மூன்றாவதற்கு: சென்னையில் இருக்கும் மகனிடம் "வேதம் வாசிச்சியா" என்று போனில் கேட்க மாட்டேன். அவனுக்காக ஜெபிப்பேன். சாப்பிட்டானா என்று கேட்பேன்.

ஜூலை 6

ஐந்தாம் அதிகாரம். பெரும்பாடுள்ள, அதாவது இரத்தப்போக்கு நிற்காத ஸ்திரீ, செத்துப் பிழைத்த யவீருவின் மகள். வாசித்து முடித்ததும் அத்தை, "அந்தம்மாவுக்குப் பன்னெண்டு வருஷமா நோவு, அந்தப் பொண்ணுக்கும் பன்னெண்டு வயசு" என்றார். ஒருத்தி பிறந்த காலத்தில் இன்னொருத்தி நோயில் விழுந்திருக்கிறாள். கண்ணால் ஓட்டிய நான் கவனிக்காததைக் காதால் கேட்டவர் பிடித்துவிட்டார்.

விளக்கத்தைக் கடைசியில் படிக்க வேண்டும் என்பது இதனால்தான். முதலிலேயே படித்துவிட்டால் அதில் இருப்பது மட்டும்தான் வேதத்திலும் தெரியும்.

ஜூலை 9

தரங்கம்பாடிக்குப் போய்வந்தேன். 1706இல் இதே தேதியில்தான் ஜெர்மன் மிஷனெரிகள் சீகன்பால்கும் புளூட்சோவும் அங்கே கரையிறங்கினார்கள். உள்ளூர் வாத்தியாரையும் பிள்ளைகளையும் வரவழைத்து, அவர்களோடு தரையில் உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்தார் சீகன்பால்கு. நடுவில் டேனிஷ் கோட்டையில் நான்கு மாதம் சிறை. 1711இல் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை முடித்தார், 1715இல் அது அச்சாகி வந்தது. பழைய ஏற்பாட்டில் ரூத் வரை வந்திருந்தார். 1719இல் இறந்தபோது வயது 36. அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே கல்லறை.

அப்போஸ்தலர் 8இல் வேதம் வாசித்துக்கொண்டிருந்த எத்தியோப்பிய மந்திரி, ஒருவர் சொல்லித் தராவிட்டால் எனக்கு எப்படிப் புரியும் என்று பிலிப்புவிடம் கேட்கிறார். போதிக்க வந்த சீகன்பால்குக்கே முதலில் ஒரு தமிழ் வாத்தியார் வேண்டியிருந்தது. வழிகாட்டி நூல் எதற்கு, வேதம் மட்டும் போதாதா என்று சபையில் ஒருவர் கேட்டபோது இதைத்தான் சொன்னேன்.

ஜூலை 24

பெத்சாயிதா குருடன், 8:22 முதல் 26. இதுவும் மாற்குவில் மட்டும்தான். இயேசு ஒருமுறை தொட்டதும் அவனுக்கு அரைகுறையாகத் தெரிகிறது, மனிதர்கள் மரங்களைப்போல நடக்கிறார்கள் என்கிறான். மறுபடியும் கை வைத்தபிறகே தெளிவாகிறது.

"எனக்கும் அப்படித்தான் தெரியுது. யாருன்னு தெரியாது, நிக்கிறது நடக்குறது தெரியும்" என்றார் அத்தை. கொஞ்ச நேரம் நான் மேலே வாசிக்கவில்லை.

இதற்கு அடுத்து எது வருகிறது என்று கேட்கிறது வழிகாட்டி. பேதுரு "நீர் கிறிஸ்து" என்கிறார். பாடுபட வேண்டும் என்று இயேசு சொன்னதும் அவரைக் கடிந்துகொள்கிறார். பாதிதான் தெரிந்திருக்கிறது அவருக்கும். பாதி தெரிகிறவனை இயேசு அனுப்பிவிடவில்லை, இன்னொருமுறை தொடுகிறார். அடுத்த மாதம் கண் ஆபரேஷனுக்குப் போகலாம் என்று அத்தை தானே சொன்னார்.

ஆகஸ்ட் 7

களையெடுக்க ஆட்கள். ஏழு மணிக்குள் சோறு ஆக வேண்டும். பார்வை பெற்ற குருடன் பர்திமேயுவின் பகுதியை வாசித்து ஒரே வரி எழுதினேன். விட்டுப்போன நாளை மறுநாளுக்குக் கடனாகச் சேர்க்காதீர்கள் என்று முன்னுரையில் இருக்கிறது. நல்ல யோசனை.

செப்டம்பர் 8

மாற்கு முடிந்தது. 16:8இல், இயேசு உயிர்த்தெழுந்தார் என்று கல்லறையில் கேட்ட பெண்கள் பயந்து ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமல் போகிறார்கள். சீனாய், வத்திக்கான் கையெழுத்துப் பிரதிகள் இரண்டும் மிகப் பழையவை, அவற்றில் சுவிசேஷம் அந்த வசனத்தோடு நிற்கிறது என்று வழிகாட்டியில் குறிப்பு இருக்கிறது. நம் வேதாகமத்தில் 20ஆம் வசனம் வரை உண்டு.

"ஒண்ணும் சொல்லலன்னா நமக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றார் அத்தை. அதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை ஐயரிடம் கேட்க வேண்டும்.

அடுத்து ரூத். நான்கே அதிகாரம், நகோமியும் ரூத்தும் வாற்கோதுமை அறுப்பு தொடங்கும் சமயத்தில் பெத்லகேமுக்கு வந்து சேர்கிற கதை. அதற்கு வழிகாட்டி நூல் எங்களிடம் இல்லை. அந்த மூன்று கேள்விகளை வைத்தே தொடங்கப்போகிறோம். மாதர் சங்கத்தில் இரண்டு பேர் தாங்களும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்க வேண்டும்.