5.8% வந்தபோதே நின்றிருக்க வேண்டும்

சிஏ படிப்பின் நடுக்கட்டத் தேர்வான இன்டரில் எஃப்எம்தான் (நிதி மேலாண்மை) எனக்குப் பயமில்லாத பகுதி. நாலு ஃபார்முலா, ஒரு கால்குலேட்டர், வேறென்ன வேண்டும் என்ற நினைப்பு. மாக் டெஸ்டில் காஸ்ட் ஆஃப் ஈக்விட்டி, அதாவது பங்குதாரர் தன் பணத்துக்கு எதிர்பார்க்கும் வருமான விகிதம், கேட்டிருந்தார்கள். ரிஸ்க் இல்லாத வருமானம் 7%, பீட்டா (மார்க்கெட் அசைவுக்கு அந்தப் பங்கு எவ்வளவு அசைகிறது என்ற அளவு) 1.2, மார்க்கெட் ரிஸ்க் பிரீமியம் 6%. ரிஸ்க் இல்லாத வருமானம் + பீட்டா × (மார்க்கெட் வருமானம் − ரிஸ்க் இல்லாத வருமானம்) என்ற சிஏபிஎம் ஃபார்முலாவில் அப்படியே போட்டேன்: 7 + 1.2 × (6 − 7) = 5.8%. ஸ்கேல் வைத்து இரட்டைக் கோடு வேறு.

ஆர்ட்டிகிள்ஷிப் (சிஏ படிப்போடு சேர்ந்த வேலைப் பயிற்சி) ஆபீஸில் சீனியர் அண்ணன் ஒருவர் அந்தத் தாளைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "கவர்ன்மென்ட் பத்திரமே 7% குடுக்குதுடா. 5.8%க்கு உன் கம்பெனி ஷேரை எவன் வாங்குவான்?"

மார்க்கெட் வருமானத்தில் ரிஸ்க் இல்லாத வருமானத்தைக் கழித்து வருவதுதான் பிரீமியம். கழித்துக் கொடுத்ததை நான் மறுபடி கழித்திருக்கிறேன். சரியான விடை 7 + 7.2, அதாவது 14.2%. அன்றிலிருந்து கேள்வித்தாளில் 'ரிட்டர்ன்' என்று இருக்கிறதா, 'பிரீமியம்' என்று இருக்கிறதா என்று பென்சிலால் சுழித்துவிட்டுத்தான் கணக்கில் கை வைப்பேன். பீட்டா பிளஸ்ஸில் இருக்கும்போது விடை அரசுப் பத்திர வட்டிக்குக் கீழே போனால் எங்கோ பிசகியிருக்கிறோம். கம்பெனி கடனுக்குக் கட்டும் வட்டியைவிடக் குறைந்தாலும் சந்தேகப்படுங்கள். கடன் கொடுத்தவருக்குக் கொடுத்தது போக மிஞ்சுவதுதான் பங்குதாரருக்கு. அவர் ஏன் குறைவாகக் கேட்கப்போகிறார்?

காஸ்ட் ஆஃப் ஈக்விட்டியை டிவிடெண்ட் வழியிலும் போடலாம்: டிவிடெண்ட் / பங்கு விலை + வளர்ச்சி விகிதம். அங்கே வேறு மாதிரி வழுக்கும். ஐந்து வருட டிவிடெண்ட் 10, 11, 12.10, 13.31, 14.64 என்று கொடுத்து, வளர்ச்சி விகிதத்தை நம்மையே கண்டுபிடிக்கச் சொல்வார்கள். வருடம் ஐந்து, ஆனால் இடைவெளி நான்குதான். ஐந்தாம் மூலம் எடுத்தால் 7.9% வரும், தப்பு. நான்காம் மூலத்துக்குச் சாதா கால்குலேட்டரே போதும்: 14.64-ஐ 10-ஆல் வகுத்து, ரூட் பட்டனை இரண்டு முறை தட்டுங்கள். 1.464 முதலில் 1.21 ஆகும், அடுத்து 1.1. வளர்ச்சி 10%.

அடுத்து, 14.64 என்பது கொடுத்து முடிந்த டிவிடெண்ட். ஃபார்முலா கேட்பது வரப்போவதை, அதாவது 16.10. பங்கு விலை ரூ.322 என்றால் 16.10 / 322 = 5%, அதோடு 10% சேர்த்து 15%. பழைய டிவிடெண்டையே போட்டால் 14.55% வரும். பார்ப்பதற்குச் சரியான விடை போலவே இருக்கும் என்பதால் 5.8%ஐவிட இதுதான் ஆபத்து. புதுப் பங்கு வெளியிட 5% செலவு என்றால் கைக்கு வருவது ரூ.305.90; அப்போது 15.26%. டிவிடெண்டாகக் கொடுக்காமல் கம்பெனியிலேயே வைத்துக்கொண்ட கையிருப்பு லாபத்துக்கு வெளியீட்டுச் செலவு கிடையாது, 15%தான். அதை இனாம் பணம் என்று நினைத்துச் சைபர் போடுகிறவர்களை இன்னும் பார்க்கிறேன். சித்தப்பா உங்கள் கடையில் போட்ட பணத்துக்கு வட்டி கேட்கவில்லை என்பதற்காக அவர் ஒன்றும் எதிர்பார்க்கவில்லை என்றா அர்த்தம்?

சிஏ ஃபைனலுக்குப் போகிறவர்கள் பீட்டாவை இப்போதே பழகிக்கொள்ளுங்கள். லிஸ்ட் ஆகாத கம்பெனிக்குப் பீட்டா கிடைக்காது. அதே தொழிலில் லிஸ்ட் ஆன கம்பெனியுடையதை எடுத்து, அதன் கடன் சுமையை நீக்கி, நம் கம்பெனியின் கடனை ஏற்ற வேண்டும். அங்கே பீட்டா 1.2, கடன்-ஈக்விட்டி விகிதம் 0.5, வரி 25% என்றால் 1.2 / (1 + 0.5 × 0.75), அதாவது 1.2 / 1.375 = 0.873. நம் கடன்-ஈக்விட்டி 1 என்றால் அந்த 0.873-ஐ (1 + 1 × 0.75), அதாவது 1.75-ஆல் பெருக்கி, சுமார் 1.53. இந்த இரண்டு படியையும் தாளில் தனித்தனியாகக் காட்டுங்கள். கடைசி விடை பிசகினாலும் ஸ்டெப் மார்க் நிற்கும்.

ஒரே கம்பெனிக்கு சிஏபிஎம்மில் 14.2%, டிவிடெண்ட் முறையில் 15% என்று வந்தால் பதறி, அடித்துத் திருத்த வேண்டாம். ஒன்று மார்க்கெட் ரிஸ்க்கிலிருந்து கிளம்புகிறது, மற்றது பங்கு விலையிலிருந்து. பரீட்சையில் எதற்குத் தகவல் கொடுத்திருக்கிறார்களோ அதைப் போடுங்கள். ஆபீஸில் வேல்யுவேஷன் பார்க்கும்போது நாங்கள் இரண்டையும் போட்டு வைத்துக்கொண்டு, பீட்டாவை இரண்டு வருட டேட்டாவில் எடுப்பதா ஐந்து வருடத்திலா என்று டீ ஆறும்வரை சண்டை போடுவோம்.